அந்த நோட்டுக்கட்டு இப்போது நம் வீட்டில் இல்லை

சாமி,

நீ அனுப்பிய ஆட்கள் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனார்கள். வெறுங்கையோடுதான் போனார்கள். அம்மா நன்றாக இருக்கிறாள், நானும் நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நீ பதறாமல் படிக்க வேண்டும். நீ போன் பண்ணிப் பண்ணி ஓய்ந்திருப்பாய். போன் கெட்டுப்போகவில்லை. நான்தான் அதை அணைத்து, துணியில் சுற்றி, கேழ்வரகுக் குதிருக்கு மேலே வைத்திருக்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "அது ஒண்ணுமில்லப்பா" என்பாய், அதற்குமேல் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு, உனக்கு மனைவியாக வரப்போகும் பெண்ணிடமும் படிக்கக் கொடு. இந்த வீட்டுக்கு வரப்போகிறவள் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. மலைமேலே தனி வீட்டில் பெற்றவர்களை விட்டுவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த நோட்டுகள் எப்படி வந்தன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. வீடியோவில் நீ சொன்னது தப்பு. அது பாட்டன் காலத்துப் புதையல் எல்லாம் இல்லை. எங்கள் கல்யாணத்தின்போது உன் அப்புச்சி உன் அம்மாவுக்குக் கொடுத்தது. பேளுக்குறிச்சி சந்தையில் மிளகு விற்ற பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புது நோட்டாகத்தான் மகளுக்குக் கொடுப்பேன் என்று ராசிபுரம் வரைக்கும் பஸ் ஏறிப் போய், பேங்கில் மன்றாடி வாங்கி வந்தார். அஞ்சு ரூபாய் நோட்டு, பின்பக்கம் டிராக்டர் படம், காகிதப் பட்டை பிரிக்காத ஒரு கட்டு. நம் காட்டுச் சரிவில் மாடு நிற்பதே கஷ்டம், டிராக்டர் எங்கே நிற்கும்? "மருமகனே, நெலத்த நீங்க சமமாக்கிப் போடுங்க, டிராக்டர நான் குடுத்துட்டேன்" என்று சொல்லிப் பந்தலில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். உன் அம்மா அதைச் செலவழிக்கவே இல்லை. நீ பிறந்தபோதும் எடுக்கவில்லை, மரவள்ளி விலை விழுந்து நாங்கள் கடன் கேட்டு நடந்த வருஷத்திலும் எடுக்கவில்லை. தகர டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தவள், அப்புறம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

நீ தீபாவளிக்கு வந்தபோது பரணைச் சுத்தம் பண்ணி அந்த டப்பாவை இறக்கினாய். செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு, "அம்மா, இது ஒரு நோட்டு லட்ச ரூபா போவுதாம்" என்று குதித்தாய். வீடியோ எடுத்தாய். நம் வாசலை எடுத்தாய், அம்மாவை நோட்டைப் பிடிக்கச் சொல்லி எடுத்தாய், பஸ் ஸ்டாப் பேரைச் சொல்லி, ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு இறங்குகிற பாதையை எடுத்தாய், பரணைக் காட்டி "இங்கதாங்க இவ்ளோ நாளா தூங்கிட்டு இருந்துச்சு" என்றாய். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ அதை நெட்டில் போட்டுவிட்டு ஓசூருக்குப் போன பிறகு, பஸ் ஸ்டாப் டீக்கடையில் என் போனில் அதைப் போட்டு எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா? என் மகனை இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. அவர்கள் உன்னைப் பார்க்கவில்லை கண்ணு, பரணைத்தான் பார்த்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் வந்தவர் ஒரு வயசாளி. அரியலூர்ப் பக்கமோ என்னவோ சொன்னார். மலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கையில் ஒரு பாலிதீன் கவர். அதற்குள் பழைய ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் நோட்டுகள். "நீங்கதானுங்களா பழைய நோட்டு வாங்கறது?" என்றார். இல்லைங்க, நாங்கள் வாங்குகிறவர்கள் இல்லை என்று நானும் அம்மாவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். வீடியோவை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார், நம்பவே இல்லை. "வெல கொறச்சுக்கூட குடுங்க தாயி, எங்க ஊட்டுக்காரிக்குக் கண் ஆப்பரேசன்" என்று அம்மா காலடியில் அந்தக் கவரை வைத்துவிட்டார். சோறு போட்டோம், பஸ் ஏற்றிவிட்டோம். பஸ்ஸில் ஏறின பிறகும் ஜன்னல் வழியாக, "அடுத்த மாசம் வரட்டுங்களா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் பயம் வந்தது. அவர்மேல் பயமில்லை. நல்ல மனுஷனே இவ்வளவு தூரம் நம்பி வந்தால், நல்லவன் இல்லாதவனும் வருவானே என்று பயம்.

மிளகு விற்க நாமக்கல் போனபோது, பிளாட்பாரத்தில் துணி விரித்துப் பழைய காசு விற்கிற ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சிரித்தார். "டிராக்டர் நோட்டுங்களா? எங்கிட்டயே கெடக்குது. பத்து ரூபாய்க்கு வாங்கறவன் வந்தா அதிர்ஷ்டம். லட்சம் குடுக்கறேன்னு எவனாச்சும் வந்தா அவன ஊட்டுக்குள்ள விடாதீங்க" என்றார். ஒரு பொருளுக்கு உண்மையில் என்ன விலை என்பதைவிட, என்ன விலை என்று வெளியே நம்புகிறார்கள் என்பதுதான் ஆபத்து. நாம் இல்லை என்று சொன்னால் மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். உண்டு என்று சொன்னால் கேட்கவே வேண்டாம்.

அதற்கப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக் கார். ஒருவன் கொஞ்சம் பருமன், நன்றாகப் பேசுகிறவன். இன்னொருவன் பேசவே மாட்டான், பார்த்துக்கொண்டே இருப்பான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மரியாதையாகத்தான் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா, "விக்கற எண்ணம் இல்லீங்க, எங்கப்பா குடுத்தது" என்று சொல்லிவிட்டாள். சரிங்க, தப்பில்லீங்க என்றான் பருமன். எழுந்திருக்கும்போது சும்மா கேட்கிற மாதிரி, "நாய் ஒண்ணும் வளக்கறதில்லீங்களா? பக்கத்து ஊடு எவ்ளோ தூரம்? நீங்க ரெண்டே பேர்தானுங்களா?" என்று கேட்டான். நானும் மடையன் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கார் மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான், நோட்டுக்கு எதற்கு நாய்க் கணக்கு என்று அம்மா கேட்டாள்.

உன் அப்பனை உனக்குத் தெரியும். கரடி வந்த காட்டில் தனியாகக் காவல் இருந்தவன். சில்வர் ஓக் மரத்து உச்சியில் மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டு பீடி பற்ற வைத்தவன். அப்படிப்பட்ட நான் இப்போது ரோட்டில் கார் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிடுகிறேன். கடந்து போகிற வண்டியின் சத்தம் வேறு, வேகம் குறைகிற வண்டியின் சத்தம் வேறு. இந்த வயசில் அதைக் கற்றுக்கொண்டேன். கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று செம்மேடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். என்ன என்று சொல்வது? வந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், தண்ணீர் குடித்தார்கள் என்றா?

இரண்டாவது தடவை அவர்கள் வந்தபோது நான் மரத்தின் மேல் இருந்தேன். கீழ்க்காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நம் வாசல் தெரியும், ஆனால் கூப்பிட்டால் கேட்காது. வெள்ளைக் கார் நின்றதைப் பார்த்தேன். இரண்டு பேர் இறங்கியதைப் பார்த்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்தாள், அவர்கள் பேசினார்கள், அப்புறம் மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள். சாமி, மரத்து மேலே இருக்கிறவனால் என்ன செய்ய முடியும்? ஒற்றை மூங்கில் ஏணியில் கணு கணுவாகத்தான் இறங்க வேண்டும். அவசரப்பட்டால் கழுத்து போகும். காலுக்குக் கணுவே தட்டுப்படவில்லை. கத்தினேன். என் சத்தம் எனக்கே விகாரமாக இருந்தது. இறங்கி, அரிவாளைப் பிடித்தபடி சரிவில் ஏறி ஓடினேன், விழுந்தேன், மறுபடி ஓடினேன். அந்தப் பாதை முழுக்க உன் அம்மா இனி இல்லை என்றே நினைத்துக்கொண்டு ஓடினேன். அதை இப்போதும் அவளிடம் சொல்லவில்லை.

உள்ளே போனால் அம்மா சுவரோடு சுவராக நிற்கிறாள். பருமன் பாயில் உட்கார்ந்திருக்கிறான். மற்றவன் பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். "ஏனுங்க அய்யா, அருவாளோட வாரீங்க, பயந்துட்டீங்களா?" என்று சிரித்தான் பருமன். "நல்ல வெல குடுக்கறோம்னு அம்மாகிட்ட சொல்லிட்டிருக்கோம். யோசிச்சு வையுங்க." அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்கள். அம்மாவைத் தொட்டேன், உடம்பு அனலாக இருந்தது. "எம் பையன் கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான்னு சொன்னேனுங்க" என்றாள். "நல்லா பண்ணினே புள்ள" என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அந்தப் பேசாதவன் அப்பத்தான் வாயத் தொறந்தான். உங்க பையன் ஓசூருல ரெண்டாம் ஷிப்டுல இல்ல இருக்காருன்னான்."

அன்றைக்கே அதை அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்றேன். நாங்கள் அப்படிச் சண்டை போட்டு நீ பார்த்ததில்லை. "எங்கப்பன் குடுத்தத எரிக்கறதா? நோட்டு என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டாள். அப்புறம் அழுதாள். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சேலை கட்டிக்கொண்டு, டப்பாவை இறக்கினாள். "இத ஊரறியச் செலவு பண்ணிட்டு வாரேன். இல்லைன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும்" என்றாள். பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய், நின்றவர்கள் எல்லாருக்கும் டீயும் பன்னும் கொடுக்கச் சொல்லி, அந்தப் பட்டையை அவளே பிரித்து, அத்தனை நோட்டையும் கல்லா மேலே வைத்தாள். மிச்சத்துக்கு மளிகை கொடுங்க என்றாள். கடைக்காரர் தொடவே இல்லை. "அக்கா, லட்சக்கணக்குல போவுதுன்னு அண்ணன்தான் போன்ல காட்டினாரு. நீங்க அஞ்சு ரூபாய்க்குத் தாரீங்க!" என்றார். "அஞ்சு ரூபாதான் தம்பி. அது மேல என்ன எழுதியிருக்குது, படிங்க" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது எனக்கு உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அம்மாதான் வெறும் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கடைக்காரர் நம் வீட்டுக்கு வந்துவிட்டார். நோட்டையெல்லாம் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். உட்காரவும் இல்லை. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. மத்தியானம் அந்த வெள்ளக் கார்க்காரங்க டீ குடிக்க வந்தாங்க. காலையில என்ன நடந்துச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்க. அவங்க என்னையப் பாக்கற பார்வ சரியில்ல. எம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து ஊட்ல தனியா இருக்கறவ. டீ, பன்னு, மளிகை எதுக்கும் காசு வேண்டாம். இத நீங்களே வெச்சுக்குங்க" என்று அம்மா கையில் திணித்துவிட்டு ஓடாத குறையாகப் போனார். கண்ணு, அதை நீ யோசித்துப் பார். பணம் என்றால் யாருக்கும் கொடுக்கலாம், யாரும் வாங்கிக்கொள்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்புச்சி ஆசையாகக் கொடுத்த பணம், கையில் வைத்திருக்கிறவன் குலை நடுங்குகிற பணமாகிவிட்டது. எங்கள் பயத்தை நாங்கள் இன்னொருவர் வீட்டுக்குத் தள்ளிவிடப் பார்த்தோம். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதை நினைத்து அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் பேங்குக்குப் போனோம். கேஷ் கவுண்டரில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண். "செல்லும்மா, தாராளமா போடலாம். ஆனா எதுக்குப் போடறீங்க? இவ்ளோ புதுசா இருக்குது, ஞாபகத்துக்கு வெச்சுக்கலாமே" என்று அந்தப் பெண் கேட்டது. அம்மா, "இல்லீங்க கண்ணு, எடுத்துக்குங்க" என்றாள். அந்தப் பெண் கையாலேயே எண்ணியது. எண்ணி முடிக்கிறவரை அம்மா கண்ணை எடுக்கவில்லை. ஒரு நோட்டாவது வைத்துக்கொள் என்று நான் மெதுவாகச் சொன்னேன். "ஒண்ணு இருந்தாலும் கட்டு இருக்குதும்பாங்க" என்றாள். ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்கப்பன் பேங்க்ல மன்றாடி வாங்கினாரு. நான் மன்றாடிக் குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

இதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது. நல்ல பார்ட்டி கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறார்கள், கட்டைக் கொடுத்துவிடுங்கள், மண்டபத்து அட்வான்ஸுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது அதே வெள்ளைக் கார், அதே இரண்டு பேர். "பையனே சொல்லிட்டாருங்க, எடுத்துட்டு வாங்க" என்றான் பருமன். அம்மா முந்தானையை அவிழ்த்து பேங்க் ரசீதைக் காட்டினாள். அவன் படித்தான். பேசாதவனிடம் கொடுத்தான். அவனும் படித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "லட்ச ரூபா நோட்ட யாருங்க அஞ்சு ரூபான்னு பேங்க்ல போடுவாங்க? நீங்க வெவரமான ஆளுங்கம்மா."

அப்போது உன் அம்மா சொன்னாள், "ஏறிப் பாத்துக்குங்க." அவர்கள் பரணைப் பார்த்தார்கள். ஏணி கேட்டார்கள். வெளியில் கிடந்த சின்ன மிளகு ஏணியை நான்தான் உள்ளே கொண்டுவந்தேன். பழக்கமில்லாதவன் அந்த ஒற்றை மூங்கிலில் ஏற முடியாது, ஆடும். அடியில் யாராவது பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன், சாமி. என் வீட்டுப் பரணை ஒருவன் கலைக்க, அவன் விழுந்துவிடாமல் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் உன் பழைய பள்ளிக்கூடப் பையைக் கீழே போட்டான், விதைச் சாமைக் கலயத்தை உருட்டினான், அது உடைந்து வீடெல்லாம் சாமை. வெறும் டப்பாவைத் திறந்து பார்த்தான். தூசியோடு இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, "வேற எங்கயோ வெச்சிருக்கீங்க. பரவால்லீங்க" என்றான். போய்விட்டார்கள். நான் ஏணியை விடாமல் அப்படியே நின்றிருக்கிறேன். அம்மாதான் என் விரலைப் பிரித்துவிட்டாள். "அவன் விழுந்திருந்தா அதுக்கும் நம்மளத்தான் கேட்டிருப்பாங்க. புடிச்சது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, சாமையைக் கூட்டி முறத்தில் அள்ளத் தொடங்கினாள்.

கார் போகும்போது டீக்கடைக்காரர் நெம்பரைக் குறித்து வைத்திருந்தார். அவரே மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடிவாரச் செக்போஸ்டில் சொல்லி வைக்கிறோம் என்றார்கள். அந்தக் கார் அதற்குப் பிறகு வரவில்லை. வராது என்று என்னால் சொல்ல முடியாது.

நீ செய்ய வேண்டியது இது. அந்த வீடியோவை எடுத்துவிடு. வேறு ஆட்கள் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம், அதை உன்னால் ஒன்றும் பண்ண முடியாது என்று கடைக்காரர் பையன் சொன்னான். அப்படியானால் இன்னொன்று போடு. அந்த நோட்டு வெறும் அஞ்சு ரூபாய், பேங்கில் போட்டாகிவிட்டது, லட்சம் என்று நான் சொன்னது பொய் என்று உன் வாயால் சொல். அதை அவ்வளவு பேர் பார்க்க மாட்டார்கள், பரவாயில்லை. அரியலூர்க்கார வயசாளி மாதிரி ஒருவர் பார்த்தாலும் போதும், அவர் மறுபடி வாந்தி எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டாம். உன் ஷிப்டைக்கூட அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாயே, இனி முகம் தெரியாதவர்களிடம் இவ்வளவு பேசாதே. மண்டபம் வேண்டாம். நம் வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம். வாசல் நிறைய ஆள் இருந்தால் எங்களுக்கும் கொஞ்ச நாளைக்குத் தைரியமாக இருக்கும். உன்மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, எழுத எழுதக் குறைந்துவிட்டது.

லீவு கிடைத்ததும் வா. அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் வாடகைக் கார் பிடித்து வாசலில் வந்து நிற்காதே, கண்ணு. இப்போதெல்லாம் கார் நின்றால் உன் அம்மா உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். வந்தவன் மகன் என்று தெரிவதற்குள் அவள் என்ன பாடு படுவாள் என்று எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் வந்து ஸ்டாப்பில் இறங்கு. நடந்து வா. பாதையில் இறங்கும்போதே "அம்மா, அம்மா" என்று நன்றாகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே வா. கதவு திறக்கிறவரை நிறுத்தாதே.

உன் அப்பா